தியோ, தெயோ

என் வலது கையில் இப்போது மூன்று விரல்கள் இருக்கின்றன. நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. அவை போனதற்குக் காரணம் என் நாக்கு என்று கம்பெனியின் விசாரணை அறிக்கை சொல்கிறது. அதைப் படித்தவர்கள் எல்லாரும் "ஐயோ பாவம்" என்றார்கள். எனக்கு யாருடைய பாவமும் வேண்டாம். என்ன நடந்தது என்று நானே எழுதி வைக்கிறேன்.

கொல்கத்தாவில் விமானங்களைப் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் தொழிலில் இரண்டு சாதி. இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார், டெக்னீஷியன் கையில் கிரீஸ் பூசிக்கொள்வான். நான் இரண்டாவது சாதி. என்னோடு பன்னிரண்டு வருடம் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த இன்ஜினியர் ஒருவர் உண்டு. அவர் வங்காளி. அவருடைய குடும்பம் பிரிவினையின்போது கிழக்கு வங்கத்திலிருந்து வந்து டாலிகஞ்ச் பக்கத்துக் காலனி ஒன்றில் குடியேறியது. நான் அவரை "தாதா" என்பேன். இந்த ஊரில் தாதா என்றால் அண்ணன். அவர் என்னை "அன்னா" என்பார். தெற்கத்தியான் எவனைக் கண்டாலும் இவர்கள் கூப்பிடுவது அப்படித்தான். முதலில் கிண்டலாக ஆரம்பித்தது, அப்புறம் பெயராகவே ஆகிவிட்டது. மதியச் சாப்பாட்டில் அவருடைய மீன் குழம்பை நான் சாப்பிடுவேன். என் புளியோதரையை அவர் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவு புளியைத் தின்றுதான் உன் முகம் இப்படி இருக்கிறது" என்பார்.

நான் பிறந்ததே கொல்கத்தாவில், டாக்குரியாவில்தான். அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்தார். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வெளியே வங்காளி. பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டது, திட்டியது, திட்டு வாங்கியது எல்லாம் வங்காளியில். விசாரணையில் இது ஒரு கேள்வியாக வந்தது, அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

விமானம் தரையிறங்கும்போது இறக்கையின் மேல்புறத்தில் சில பலகைகள் நிமிர்ந்து நிற்பதை ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெயர் ஸ்பாய்லர். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. அழுத்தம் இல்லாதபோது கையாலேயே தூக்கி நிறுத்தி அடியில் வேலை பார்க்கலாம். ஆனால் பம்பைப் போட்டு அழுத்தம் வந்தால், அந்த நொடியே அது இறக்கையோடு படுத்துவிடும். நடுவில் கை இருக்கிறதா, துணி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இதற்காகவே சிவப்புப் பூச்சுப் பூசிய ஒரு வளையம் உண்டு. நாங்கள் லாக் என்போம். தூக்கி நிறுத்திய பலகையைத் தாங்கும் தண்டில் அதை மாட்டிவிட்டால், யார் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பலகை இறங்காது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அது இருந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எங்களிடம் லாக் இரண்டு செட் இருந்தது. ஒரு செட்டில் நான்கு. செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜை வந்தது. பூஜையன்று கருவிகளையெல்லாம் துடைத்துச் சாமியின் காலடியில் அடுக்கி வைப்பது இங்கே எல்லாப் பட்டறையிலும் வழக்கம், எங்கள் ஹேங்கரிலும்தான். அந்த வருடம் ஒரு செட் லாக்கையும் கொண்டுபோய் வைத்தார்கள். சிவப்பாக இருப்பதால் பார்க்க மங்களமாக இருக்கிறதாம். மறுநாள் சிலையைக் கரைக்க எடுத்துப் போகும்போது பூக்குப்பையைச் சாக்கில் வாரிப் போட்டவர்கள் ஒரு லாக்கையும் சேர்த்து வாரிவிட்டார்கள். அது கங்கையில் போயிற்று. ஒன்று குறைந்த செட்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது ஸ்டோர் விதி. ஆகவே மீதி மூன்றும் ஒரு மூலையில், "உபயோகத்துக்கு இல்லை" என்ற அட்டையோடு கிடந்தன. புது செட்டுக்கு எழுதிப் போட்டோம். ஜனவரி வரை வரவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, பதினோரு மணி இருக்கும். ஸ்பாய்லர் ஒன்றின் அடியில் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். ஸ்டோருக்குப் போய் லாக் கேட்டேன். நல்ல செட் அடுத்த விமானத்தில் மாட்டியிருந்தது.

"அந்த மூலையில் இருக்கே, அதில் ஒன்று கொடு. எனக்கு ஒன்று போதும்" என்றேன்.

ஸ்டோர்க்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "செட் பூரா இல்லை அன்னா. நான் கொடுத்தால் ஆடிட்டில் என் கழுத்தைப் பிடிப்பார்கள்."

தாதாவிடம் வந்து சொன்னேன். மதியம் அந்த விமானம் வெளியே போக வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பம்ப் சுவிட்ச் பக்கத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன், வேறு எவன் போடப்போகிறான்? நீ பார்த்து முடி" என்று காக்பிட்டுக்குப் போய்விட்டார். அவரே உட்கார்ந்திருப்பதால் சுவிட்சில் மாட்ட வேண்டிய எச்சரிக்கை அட்டையையும் மாட்டவில்லை. நானும் சரி என்றேன். அதை மறைக்கவில்லை. இதற்கு முன்னால் எத்தனையோ முறை அப்படிச் சரி என்றிருக்கிறேன்.

காக்பிட்டுக்கும் கீழே வேலை செய்கிறவனுக்கும் பேசுவதற்கு ஹெட்செட் உண்டு. எங்கள் ஹெட்செட்டில் வயர் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அதனால் மொபைலில்தான் பேசிக்கொள்வோம். போனைச் சட்டைப் பையில் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டால் கை இரண்டும் சும்மா இருக்கும். பேச வேண்டியது ஆங்கிலத்தில், எழுதி வைத்த வார்த்தைகளில் என்பது விதி. அதை யாரும் செய்ததில்லை.

ஸ்டாண்டில் ஏறி, பலகையைத் தூக்கி நிறுத்தி, துணியால் எண்ணெயைத் துடைத்தேன். துடைத்து முடிந்ததும் கையை எடுத்துவிட்டு, பம்பைப் போட்டு மறுபடி கசிகிறதா என்று பார்ப்பது வழக்கம். கசிவு எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். அப்போது பையிலிருந்து தாதாவின் குரல் வந்தது.

"கீ அன்னா, ப்ரெஷர் தேபோ?"

என்ன அண்ணா, பிரஷர் கொடுக்கட்டுமா என்கிறார்.

நான் சொன்னேன்: "எகோன் தியோ நா."

இப்போது கொடுக்காதே.

இரண்டு நொடி போயிருக்கும். பம்ப் உறுமும் சத்தம் கேட்டது. பலகை இறங்கியது. வலி உடனே தெரியவில்லை. கை என்னோடு வராதது மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் நான் கத்திய கத்தல் ஹேங்கரின் அடுத்த கோடி வரை கேட்டதாம். கத்தியது தமிழில் என்று பிறகு சொன்னார்கள்.

தாதாதான் ஓடி வந்தார். தன் சட்டையைக் கழற்றி என் கையைச் சுற்றினார். ஜீப்பில் என்னை மடியில் போட்டுக்கொண்டு, "நீ சொன்னாயே அன்னா, நீதானே சொன்னாய்" என்று குழந்தை மாதிரி அழுதார். எனக்கு அப்போது புரியவில்லை.

விசாரணையில் புரிந்தது. கட்டு பிரிப்பதற்கு முன்பே கூப்பிட்டுவிட்டார்கள். தரக் கட்டுப்பாட்டுத் தலைவர் வெளியூரிலிருந்து வந்திருந்தார். பக்கத்தில் பணியாளர் பிரிவு அம்மாள், வங்காளி. தாதாவின் லைசென்ஸை அறிக்கை வரும்வரை வாங்கி வைத்திருந்தார்கள். அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அவன் 'தெயோ நா' என்றான். அதனால்தான் போட்டேன்" என்றார்.

இதை வங்காளி தெரியாதவர்களுக்கு விளக்க வேண்டும். "நா" என்ற சொல்லுக்கு அங்கே இரண்டு முகம். "தியோ நா" என்றால் கொடுக்காதே. ஆனால் "தாவ் நா" என்றால் கொடேன், கொஞ்சம் கொடேன் என்று கெஞ்சுவது. அந்தத் "தாவ்" என்பதைக் கிழக்கு வங்கத்துக் குடும்பங்களில் "தெயோ" என்பார்கள். ஆக "தெயோ நா" என்றால் கொடேன் என்று அர்த்தம். தியோ, தெயோ. ஒரு எழுத்தின் கொம்பு.

"நான் 'தியோ நா' என்றுதான் சொன்னேன்" என்றேன்.

தலைவர் இந்தியில் கேட்டார். "நீங்கள் எந்த ஊர்?"

"டாக்குரியா."

"அது இல்லை. சொந்த ஊர்?"

"டாக்குரியா."

அவர் அந்த அம்மாளைப் பார்த்தார். அம்மாள் மெல்லச் சிரித்து, "தமிழ்க்காரர் சார். ஆனால் வங்காளி நன்றாகவே பேசுவார்" என்றார். வெள்ளைக்காரன் கையால் சோறு சாப்பிட்டால் எப்படிப் பாராட்டுவார்களோ அந்தக் குரலில்.

எனக்குக் கொதித்தது. "லாக் இல்லாமல் வேலை கொடுத்தது யார்? ஹெட்செட் ஏன் ரிப்பேர் ஆகவில்லை? அதைக் கேளுங்கள் முதலில்!" என்று இடது கையால் மேஜையை அடித்தேன். "அதெல்லாம் தனியாகப் பார்ப்போம்" என்றார் தலைவர். எழுத்தில் வாக்குமூலம் கொடுக்க ஒரு வாரம் தந்தார்கள். அதில் நான் எழுதுவதை வைத்துத்தான் காரணம் என்ற கட்டத்தை நிரப்பப் போகிறார்கள். என் விரல்கள் எதனால் போயின என்று நிரந்தரமாக எழுதி வைக்கப்போகும் ஒரு கட்டம். எனக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். "மூணு தலைமொறையா இங்க கெடக்கோம். எனக்கு வங்காளி வரலையாம்! அந்தத் துரோகி சொல்லுதான், இவனுவ எழுதிக்கிடுதானுவ!"

மனைவி கல்யாணமாகித் தென்காசியிலிருந்து வந்தவள். "ஏன் இப்படிச் சத்தம் போடுதீங்க? கையத் தூக்கி வச்சிட்டுச் சத்தம் போடுங்க, வீங்கிரும்" என்றாள்.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அவளுக்குத் தமிழைவிட வங்காளி நன்றாக வரும். கனவுகூட வங்காளியில்தான் வருகிறதாம். அவள் சோபாவிலிருந்து எழுந்து வந்தாள்.

"அப்பா, அத இன்னொரு தடவ சொல்லு."

"எத?"

"அன்னைக்கு போன்ல சொன்னியே, அத. ஃபாஸ்ட்டா சொல்லு. யோசிக்காத."

"எகோன் தியோ நா."

"இன்னொரு வாட்டி. கோவமா."

சொன்னேன். அவள் அதைத் தன் போனில் பதிவு செய்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். என் குரல் வந்தது. எகோன் தெயோ நா.

"நல்லாப் போடு" என்றேன். மறுபடி போட்டாள். தெயோ நா.

"போன் சரியில்ல."

"போன் சரியாத்தான் இருக்குப்பா. அன்னைக்கும் போன்லதானே பேசினே?" என்றாள். "நாம எலைன்னுதானே சொல்றோம்? இலைன்னு யாரு சொல்றா? எடம், வெல, எல. இ வந்தா நம்ம வாய் எ ஆக்கிடும். வங்காளி பேசும்போதும் நீ அதையே பண்றே. என் ஃபிரண்ட்ஸ் சின்னதுலேர்ந்து அதச் சொல்லித்தான் சிரிப்பாங்க."

"எலைய எலைன்னு சொல்லாம பின்ன எப்படிச் சொல்ல?" என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து.

நான் எழுந்து போய் மகள் கையிலிருந்த போனைப் பிடுங்கினேன். எறிவதற்காகத்தான் பிடுங்கினேன். பிடிக்க முடியவில்லை. இடது கை, பழக்கமில்லை. அது சோபாவில் விழுந்து, அங்கேயும் அதையே சொல்லிற்று. மகள் அழவில்லை. "உண்மையத்தானே சொன்னேன்?" என்றாள். அவளும் என்னை மாதிரிதான்.

அன்று முழுக்க எனக்குள்ளே கணக்குப் போட்டேன். தாதா பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் அம்மா தெயோ என்பார், அவர் காதில் தெயோதான் விழுந்தது. ஐம்பது வயதில், பிறந்த ஊரில், ஒரு கொம்பில் நான் தவறிவிட்டேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று நாள் பிடித்தது. ஒப்புக்கொண்டால் லாக் இல்லாததும் ஹெட்செட் இல்லாததும் என் நாக்குக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் என்றும் தெரிந்தது. ஒப்புக்கொள்ளாவிட்டால் தாதாவின் லைசென்ஸ் போகும். அதற்காக நான் இரக்கப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன், அவர்மேல் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் நடக்காததை எழுத என்னால் முடியாது.

இடது கையால், முதல் வகுப்புப் பையன் எழுத்தில், இரண்டு பத்தி எழுதினேன். முதல் பத்தியில், "நான் கொடுக்காதே என்று சொல்ல நினைத்தேன், என் வாயில் கொடேன் என்று வந்திருக்கிறது, அது என் உச்சரிப்பின் பிழை" என்று எழுதினேன். இரண்டாவது பத்தியில், "லாக் மாட்டியிருந்தால் நான் எந்த மொழியில் எதைச் சொல்லியிருந்தாலும் பலகை இறங்கியிருக்காது. லாக் ஏன் இல்லை என்று எழுதுங்கள்" என்று எழுதினேன்.

அறிக்கை வந்தது. காரணம் என்ற கட்டத்தில் என் முதல் பத்தி, நல்ல ஆங்கிலத்தில். இரண்டாவது பத்தி எங்கேயும் இல்லை. பின்னிணைப்பில்கூட இல்லை. அதே வாரம் ஸ்டோர் மூலையில் கிடந்த மூன்று லாக்கையும் ஸ்கிராப்பில் போட்டுவிட்டார்கள். அவற்றைப் பற்றி இனி யாரும் கேட்க முடியாது, ஏனென்றால் அவை இல்லை. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள்: தாய்மொழி அல்லாத வட்டார மொழியில் பணியாளர்கள் பணியிடத்தில் பேசக் கூடாது. எல்லாருக்கும் தெளிவாகப் பேசுவது பற்றி ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். திரையில் திறந்த வாய் ஒன்றைக் காட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாதாவுக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். என் மனைவி டீ கொடுத்தாள். பெட்டியை நான் தொடவில்லை.

"லாக் இல்லாமல் நான் பம்பைத் தொட்டிருக்கவே கூடாது அன்னா. இறங்கி வந்து உன் கையைப் பார்த்துவிட்டுப் போட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரியும்" என்றார்.

"இதை ஏன் விசாரணையில் சொல்லவில்லை?"

அவர் டீயைப் பார்த்தார். "யாரும் கேட்கவில்லையே."

"நான் கேட்டேன். மேஜையை அடித்துக் கேட்டேன். நீ அங்கேதான் உட்கார்ந்திருந்தாய்."

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். சந்தேஷை மனைவி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள்.

மூன்று விரலுள்ள கைக்கு விமானத்தில் வேலை இல்லை என்று என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். முன்பு பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுப் போக, அவருடைய ஸ்டூல் எனக்கு வந்தது. கருவிகளை எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்ததும் வாங்கி வைப்பது. புது லாக் செட் இன்னும் வரவில்லை. உள்ளது ஒன்றுதான்.

போன மாதம் ஒரு மதியம் தாதா கவுண்டருக்கு வந்தார். ஸ்பாய்லர் வேலை. லாக் அடுத்த விமானத்தில் இருந்தது. அது அவருக்கும் தெரியும், அதனால் லாக்கைக் கேட்கவே இல்லை. ஸ்பாய்லர் வேலைக்கான ஸ்பானர் பெட்டியை மட்டும் கேட்டார்.

"லாக் எங்கே?" என்றேன்.

"அது வர நேரம் ஆகும். மூன்று மணிக்கு விமானம் போக வேண்டும். பெட்டியைக் கொடு."

"லாக் வரட்டும்."

"ஆரே அன்னா, தாவ் நா." கொடேன் என்று கெஞ்சினார். பின்னால் ஒரு டெக்னீஷியன் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் கைகளில் பத்து விரலும் இருந்தன.

"தேபோ நா" என்றேன்.

கொடுக்க மாட்டேன். இந்தச் சொல்லில் ஏ தான் வருகிறது, இ கிடையாது. என் நாக்கு இதில் தவற வழியே இல்லை.

மேனேஜர் போன் செய்தார். வேலையைத் தடுக்க உனக்கு என்ன அதிகாரம் என்று ஆங்கிலத்தில் கத்தினார். அவருக்கும் அதையே சொன்னேன், அதே வங்காளியில், அறிவிப்புப் பலகையில் கூடாது என்று ஒட்டியிருக்கும் மொழியில். பெட்டியைக் காலடியில் தள்ளிவிட்டு அதன்மேல் காலை வைத்துக்கொண்டேன். என் வலது கை கவுண்டர் மேல் இருந்தது, வேண்டுமென்றேதான் வைத்திருந்தேன். தாதா அதைப் பார்த்தார். அப்புறம் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த டெக்னீஷியனும் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

லாக் நாலரை மணிக்கு வந்தது. விமானம் தாமதம். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் மறுபடியும் என்னை எழுதியிருக்கிறார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது, ஏழு நாளில் பதில் தர வேண்டுமாம். இன்று ஐந்தாவது நாள். இந்த முறை ஒரு பத்திதான் எழுதப் போகிறேன், போன முறை அவர்கள் விட்டுவிட்ட இரண்டாவது பத்தி.